எழுபது வயதை நெருங்கும் ஃபோர்ட்ரான்: இன்று கற்கத் தகுந்த மொழியா?

பள்ளி விடுமுறையில் புதிதாக ஒரு நிரலாக்க மொழியைக் கற்கலாம் என்று நினைக்கிறீர்கள். பைத்தான் ஓரளவு பழகிவிட்டது. சிலர் ஜாவாவும் எழுதிப் பார்த்திருப்பீர்கள். அடுத்து எதைக் கற்பது? பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கும் அண்ணன் ஒருவர், "ஃபோர்ட்ரான் படி, விஞ்ஞானிகள் பலர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்" என்கிறார். செயலி உருவாக்கும் நிறுவனத்தில் வேலை செய்யும் அக்கா, "அது தாத்தா காலத்து மொழி, நேரத்தை வீணாக்காதே" என்கிறார்.

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால், விடுமுறை சில வாரங்கள்தான். ஒன்றைக் கற்கச் செலவிடும் நேரத்தில் வேறொன்றைக் கற்க முடியாது. எனவே, யார் சொன்னார் என்பதைப் பார்க்காமல், சான்றுகளைப் பார்த்து நாமே முடிவெடுக்கப் பழக வேண்டும். ஃபோர்ட்ரானை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதை எப்படிச் செய்வது என்று இந்த வாரம் பார்ப்போம்.

'பழைய மொழி' என்றால் என்ன?

முதலில் ஒரு சிறு கணக்கு. பைத்தான் முதன்முதலில் வெளியானது 1991ஆம் ஆண்டு. ஜாவா வெளியானது 1995ஆம் ஆண்டு. இரண்டுக்கும் உங்களைவிட வயது அதிகம். சி மொழி 1970களின் தொடக்கத்தில் உருவானது. நீங்கள் பொதுவாகப் பயன்படுத்தும் பைத்தான் மென்பொருளே சி மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனாலும் சி மொழியைக் கிழட்டு மொழி என்று யாரும் ஒதுக்குவதில்லை.

மாறாக, பாஸ்கல் என்ற மொழி 1970இல் வெளியானது. ஏறக்குறைய சி மொழியின் வயதுதான். ஒரு காலத்தில் உலகின் பல பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் முதல் மொழியாகக் கற்பிக்கப்பட்டது. இன்று அந்த இடம் அதற்கு இல்லை.

வயது ஏறக்குறைய ஒன்றாக இருந்தும் இரண்டின் நிலை வேறு. ஆகவே, ஒரு மொழியின் பிறந்த ஆண்டு மட்டும் நமக்கு விடை தராது. அந்த மொழி இன்று என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

1957இல் நடந்த மாற்றம்

மலாயா சுதந்திரம் பெற்ற அதே 1957ஆம் ஆண்டில்தான் ஃபோர்ட்ரானும் பயன்பாட்டுக்கு வந்தது. அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் என்பவரின் தலைமையில் ஒரு சிறு குழு, ஐபிஎம் 704 என்ற கணினிக்காக அதை உருவாக்கியது. 'சூத்திர மொழிபெயர்ப்பு' என்ற பொருள் தரும் இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சுருக்கியே ஃபோர்ட்ரான் என்று பெயர் வைத்தார்கள்.

அதற்கு முன்பு பெரும்பாலும் கணினியின் ஒவ்வொரு சிறு செயலுக்கும் ஒரு கட்டளை எழுத வேண்டியிருந்தது. இந்த எண்ணை எடு, அங்கே வை, அதனுடன் கூட்டு, முடிவை இங்கே சேமி என்று நீண்டுகொண்டே போகும். ஃபோர்ட்ரான் வந்த பிறகு, கணிதப் புத்தகத்தில் இருப்பதுபோலவே ஒரு சூத்திரத்தை ஒரே வரியில் எழுத முடிந்தது. அதைப் பொறிமொழிக்கு மாற்றும் வேலையைத் 'தொகுப்பான்' என்ற நிரல் கவனித்துக்கொண்டது. எழுத வேண்டிய வரிகள் சுமார் இருபதில் ஒரு பங்காகக் குறைந்தன.

ஆனால், அக்கால நிரலர்கள் எளிதில் நம்பவில்லை. "இயந்திரம் மொழிபெயர்க்கும் நிரல், மனிதன் கையால் எழுதும் நிரலைப் போல் வேகமாக ஓடுமா?" என்று ஐயப்பட்டார்கள். அதனால் பேக்கஸின் குழு, தொகுப்பான் உருவாக்கும் நிரலின் வேகத்தையே முதல் குறிக்கோளாக வைத்துக்கொண்டது. 'எண்களை வேகமாகக் கணக்கிடு' என்ற அந்தக் குணம் இன்றுவரை அந்த மொழியை விட்டுப் போகவில்லை. அது இன்னும் வாழ்வதற்கு முக்கியக் காரணமும் அதுதான்.

நாளைய மழையும் ஃபோர்ட்ரானும்

நம் வட்டாரத்தில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, வானிலை முன்னறிவிப்பு. மெட்மலேசியா எனப்படும் மலேசிய வானிலை ஆய்வுத் துறை பயன்படுத்தும் கணினி மாதிரிகளில் டபிள்யூஆர்எஃப் ஒன்று. அமெரிக்க ஆய்வு நிலையங்கள் உருவாக்கிய இந்த மாதிரியின் பெரும்பகுதி ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டது. சிங்கப்பூரின் சிங்வி மாதிரி, பிரிட்டிஷ் வானிலை ஆய்வகத்தின் 'ஒருங்கிணைந்த மாதிரி'யை அடிப்படையாகக் கொண்டது. அதுவும் பெரும்பாலும் ஃபோர்ட்ரான்தான்.

வானிலை மாதிரி எப்படி வேலை செய்கிறது? ஒரு நிலப்பரப்பையும் அதன் மேலுள்ள காற்றையும் சிறு சிறு பெட்டிகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் வெப்பநிலை, அழுத்தம், ஈரப்பதம், காற்றின் வேகம் ஆகியவை உண்டு. பக்கத்துப் பெட்டிகளின் மதிப்புகளைக் கொண்டு, அடுத்த சில விநாடிகளில் இந்தப் பெட்டியின் மதிப்புகள் என்ன ஆகும் என்று கணக்கிடுகிறார்கள். பிறகு அதற்கு அடுத்த சில விநாடிகள். இப்படியே ஒரு நாள், இரண்டு நாள் என்று முன்னே போகிறார்கள்.

அளவைப் புரிந்துகொள்ள ஓர் எளிய கணக்குப் போடுவோம். 300 கிலோமீட்டர் நீளமும் 300 கிலோமீட்டர் அகலமும் உள்ள ஒரு பரப்பை 1.5 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிப்பதாக வைத்துக்கொள்வோம்.

ஒரு பக்கத்தில் 200 கட்டங்கள். எனவே மொத்தம் 200 × 200 = 40,000 கட்டங்கள்.
உயரத்தை 80 அடுக்குகளாகப் பிரித்தால் 40,000 × 80 = 3,200,000 பெட்டிகள்.
30 விநாடிக்கு ஒருமுறை கணக்கிட்டால், ஒரு நாளில் 86,400 ÷ 30 = 2,880 முறை.
மொத்தம் 3,200,000 × 2,880 = 9,216,000,000 பெட்டிக் கணக்குகள்.

ஒன்பது பில்லியனுக்கும் மேல்! அதுவும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரே ஒரு கணக்கு மட்டுமில்லை. கட்டத்தின் அளவைப் பாதியாகக் குறைத்தால், நீளத்தில் இரு மடங்கு, அகலத்தில் இரு மடங்கு. நேர இடைவெளியையும் பாதியாக்க வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் காற்று ஒரே எட்டில் பெட்டிகளைத் தாண்டிக் குதித்து, கணக்கு குலைந்துவிடும். ஆக, வேலை எட்டு மடங்காகும்.

இந்தக் கணக்கை ஒரு மணி நேரத்தில் முடிக்கும் நிரல் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே நிரல் 50 மடங்கு மெதுவாக ஓடினால், 50 மணி நேரம் ஆகும். நாளை பெய்யும் மழையைப் பற்றிய செய்தி, மழை பெய்து முடிந்த பிறகு வரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கிளந்தானிலும் திரங்கானுவிலும் ஆற்றோரம் வாழும் மக்களுக்கு அதனால் என்ன பயன்? இங்கே வேகம் என்பது வெறும் வசதி இல்லை. தாமதமாக வரும் முன்னறிவிப்பு, முன்னறிவிப்பே ஆகாது.

ஏன் அது வேகமாக ஓடுகிறது?

பைத்தானில் ஒரு மடக்கு எழுதி, பத்து மில்லியன் எண்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பாருங்கள். கணினி சற்றுத் திணறும். ஒவ்வொரு முறையும் 'இது எந்த வகை மதிப்பு? முழு எண்ணா, தசம எண்ணா, சொல்லா?' என்று பைத்தான் சோதித்துக்கொண்டே போகிறது. ஃபோர்ட்ரானில் மாறியின் வகையை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறோம். தொகுப்பான் நிரல் முழுவதையும் ஓடுவதற்கு முன்பே பொறிமொழியாக்கிவிடுகிறது. ஓடும் நேரத்தில் கேள்விகள் மிகக் குறைவு.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு செயல்கூறுக்கு இரண்டு அணிகளைக் கொடுத்து, அவற்றில் ஒன்றை மாற்றினால், அந்த இரண்டும் நினைவகத்தில் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது என்பது ஃபோர்ட்ரான் விதி. இந்த உறுதி இருப்பதால், ஒன்றை மாற்றினால் மற்றது மாறிவிடுமோ என்று தொகுப்பான் அஞ்ச வேண்டியதில்லை. பல எண்களை ஒரே நேரத்தில் எடுத்துக் கணக்கிடத் துணிகிறது.

எல்லா வேலைக்கும் இந்த வேகம் தேவையில்லை. உங்கள் வகுப்பின் நாற்பது பேருடைய மதிப்பெண்களைக் கூட்ட பைத்தானே போதும். இணையப் பக்கம், கைப்பேசி விளையாட்டு, உரையாடும் செயலி போன்றவற்றுக்கு ஃபோர்ட்ரான் பொருத்தமும் இல்லை.

பழைய குறைகள், புதிய உடை

அக்கா சொன்ன 'தாத்தா காலத்து மொழி' என்ற பெயர் எப்படி வந்தது? தொடக்கக் காலத்தில் நிரல்களைத் துளையட்டைகளில் பதித்தார்கள். ஓர் அட்டையில் 80 இடங்கள். முதல் ஐந்து இடங்கள் வரி எண்ணுக்கு. ஏழாவது இடத்திலிருந்து 72ஆவது இடம் வரைதான் கட்டளையை எழுதலாம். ஓர் இடம் தள்ளி எழுதினாலும் பொருள் மாறிவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இருந்தது. பழைய ஃபோர்ட்ரான் இடைவெளிகளைக் கண்டுகொள்ளாது. 'டூ 10 ஐ = 1,10' என்று எழுதினால், பத்தாம் எண் வரி வரை உள்ள கட்டளைகளைப் பத்து முறை திரும்பச் செய் என்று பொருள். காற்புள்ளிக்குப் பதிலாகத் தவறிப் புள்ளி வைத்து '1.10' என்று எழுதிவிட்டால்? இடைவெளிகளை நீக்கிப் பார்க்கும் தொகுப்பான், 'டூ10ஐ' என்று ஒரு மாறி இருப்பதாக நினைத்து, அதற்கு 1.10 என்ற மதிப்பைக் கொடுத்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. கட்டளைகள் பத்து முறை ஓட வேண்டிய இடத்தில் ஒரே முறை ஓடும். விடை மட்டும் தவறாக வரும்.

இன்றைய ஃபோர்ட்ரான் இப்படி இல்லை. 1966, 1977 ஆகிய ஆண்டுகளின் தர வரையறைகளுக்குப் பிறகு வந்த ஃபோர்ட்ரான் 90, துளையட்டைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுதலை தந்தது. முழு அணியையும் ஒரே வரியில் கூட்டவும் பெருக்கவும் வழி செய்தது. 'இம்ப்ளிசிட் நன்' என்ற வரியை நிரலின் தொடக்கத்தில் எழுதினால், அறிவிக்காத மாறியைத் தொகுப்பான் ஏற்காது. அதன் பிறகும் மொழி வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அண்மைய வரையறையின் பெயர் ஃபோர்ட்ரான் 2023.

ஆகவே, ஒரு பழைய மொழியை எடைபோடும்போது அதன் முதல் வடிவத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இன்றைய வடிவத்தைப் பார்க்க வேண்டும்.

நான்கு கேள்விகள்

இனி முடிவெடுக்கும் முறைக்கு வருவோம். எந்தப் பழைய மொழியானாலும் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. அதில் இன்றும் புதிய வேலை தொடங்குகிறார்களா?

பழைய நிரலைப் பழுதுபார்ப்பது வேறு, புதிய திட்டத்தைத் தொடங்குவது வேறு. பிரிட்டிஷ் வானிலை ஆய்வகம் தன் ஒருங்கிணைந்த மாதிரிக்குப் பதிலாக எல்ஃப்ரிக் என்ற புதிய மாதிரியை உருவாக்கி வருகிறது. பழைய மாதிரியில் பூமியை அட்சக்கோடு, தீர்க்கக்கோடு என்று பிரித்திருந்தார்கள். துருவங்களுக்கு அருகில் அந்தக் கோடுகள் நெருங்கிவிடுவதால், ஆயிரக்கணக்கான செயலிகளுக்கு வேலையைப் பகிர்ந்து கொடுப்பது சிரமமானது. அதனால் வேறு வகைக் கட்டமைப்புடன் புதிதாக எழுதத் தொடங்கினார்கள். எந்த மொழியையும் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தபோதும், அறிவியல் பகுதிக்கு ஃபோர்ட்ரானையே எடுத்துக்கொண்டார்கள். வேலையைப் பல செயலிகளுக்குப் பிரிக்கும் நிரலை உருவாக்கித் தரும் கருவியைப் பைத்தானில் எழுதினார்கள். பழையதும் புதியதும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்கின்றன.

2. அது நீடிப்பதற்குக் காரணம் தரமா, பழக்கமா?

ஃபோர்ட்ரானைப் பொறுத்தவரை இரண்டும் கலந்திருக்கிறது. வேகம் ஒரு தரம். பல பத்தாண்டுகளாக உண்மையான மழையோடும் வெயிலோடும் ஒப்பிட்டுத் திருத்தப்பட்ட நிரல் என்பதும் ஒரு தரம். புதிய மொழியில் மாற்றி எழுதினால், அந்தச் சோதனைகள் அனைத்தையும் மறுபடி செய்ய வேண்டும். ஆனால், 'எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் இதுதான் தெரியும்' என்ற பழக்கமும் சில இடங்களில் காரணமாக இருக்கிறது. பழக்கம் மட்டுமே தாங்கி நிற்கும் மொழி, ஆட்கள் ஓய்வு பெற்றவுடன் சாய்ந்துவிடும்.

3. அதில் கற்றது வேறு இடத்திலும் உதவுமா?

இதுவே மாணவர்களுக்கு மிக முக்கியமான கேள்வி. அட்டவணை போன்ற இரு பரிமாண அணி ஒன்றைக் கணினி நினைவகத்தில் நீண்ட ஒரே வரிசையாகத்தான் வைக்க முடியும். ஃபோர்ட்ரான் அதை நெடுவரிசை நெடுவரிசையாக அடுக்குகிறது. சி மொழி கிடைவரிசையாக அடுக்குகிறது. தேர்வு மண்டபத்தில் விடைத்தாள்களைச் சேகரிக்கும் ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். மேசைகள் அடுக்கப்பட்ட திசையிலேயே நடந்தால் வேலை சீக்கிரம் முடியும். குறுக்கே குறுக்கே நடந்தால் கால்தான் வலிக்கும். கணினியும் அப்படியே. நினைவகத்தில் அடுக்கிய திசையிலேயே படித்தால் வேகம் கூடுகிறது.

இந்த அறிவு பைத்தானிலும் உதவும். பைத்தானின் நம்பை நூலகத்தில் ஓர் அணியை உருவாக்கும்போது, அதை எந்த வரிசையில் அடுக்குவது என்று சொல்லலாம். நெடுவரிசை முறைக்கு அங்கே கொடுக்கும் எழுத்து 'எஃப்'. அது ஃபோர்ட்ரானின் முதல் எழுத்து! மேலும், நம்பையில் ஒருங்கமைச் சமன்பாடுகளைத் தீர்க்கச் சொன்னால், உள்ளே வேலை செய்வது லாபேக் என்ற நூலகத்தின் வழிமுறைகள். ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டு 1992இல் வெளியான நூலகம் அது.

மாறிகளை அறிவிக்கும் ஒழுக்கமும் அப்படித்தான். பைத்தானில் 'மொத்தம்' என்ற மாறியின் பெயரை ஓரிடத்தில் பிழையாக 'மொதம்' என்று எழுதி மதிப்புக் கொடுத்தால், பைத்தான் எதிர்ப்புத் தெரிவிக்காது. புதிய மாறி ஒன்று பிறந்துவிடும். 'டூ10ஐ' கதையின் தம்பிதான் இது.

4. அதைக் கற்கும் நேரத்தில் எதைக் கற்காமல் விடுவீர்கள்?

இதற்கு விடை உங்களிடம்தான் இருக்கிறது. மடக்கு, நிபந்தனை, செயல்கூறு ஆகியவை இன்னும் தடுமாறுகின்றன என்றால், இரண்டாவது மொழி குழப்பத்தையே கூட்டும். இந்த ஆண்டு எஸ்பிஎம் அல்லது சாதாரண நிலைத் தேர்வு எழுதுகிறீர்கள் என்றால், தேர்வு முடியட்டும். மொழி எங்கும் ஓடிவிடாது.

மறுபக்கத்தையும் பார்ப்போம்

சான்றுகளை ஒரு பக்கமாக மட்டும் அடுக்குவது அறிவியல் முறை அல்ல. ஃபோர்ட்ரானுக்கு எதிரான சான்றுகளும் இருக்கின்றன.

பைத்தானின் சைபை நூலகத்துக்குள் இருந்த பழைய ஃபோர்ட்ரான் பகுதிகளை அண்மைய ஆண்டுகளில் வேறு மொழிகளுக்கு மாற்றி வருகிறார்கள். அவற்றைப் பராமரிக்கும் ஆட்கள் குறைவு என்பது ஒரு காரணம். அமெரிக்காவில் புதிய பருவநிலை மாதிரி ஒன்றை ஜூலியா என்ற இளைய மொழியில் எழுதுகிறார்கள். ஜிபியு எனப்படும் வரைகலைச் செயலிகள் இன்றைய மீகணினிகளில் பெரும்பங்கு வகிக்கின்றன. அவற்றில் ஃபோர்ட்ரானை ஓட்ட வழி இருந்தாலும், புதிய கருவிகள் முதலில் சி++ மொழிக்கும் பைத்தானுக்குமே பெரும்பாலும் வருகின்றன. 2023இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள், ஃபோர்ட்ரானை நம்பியிருப்பதில் உள்ள இடர்களைப் பற்றி ஓர் அறிக்கையே வெளியிட்டார்கள்.

செயற்கை நுண்ணறிவும் களத்தில் இறங்கிவிட்டது. நடுத்தர கால வானிலை முன்னறிவிப்புக்கான ஐரோப்பிய மையம், 2025 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவு முன்னறிவிப்பை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டு வந்தது. அதை உருவாக்க உதவியது பைத்தான். ஆனால், அந்தச் செயற்கை நுண்ணறிவு பாடம் கற்றது எதிலிருந்து? பல பத்தாண்டுகளின் வானிலையை மீட்டுக் கணக்கிட்ட தரவுத் தொகுப்பிலிருந்து. அந்தத் தொகுப்பை உருவாக்கியது, பெரும்பாலும் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்ட அதே மையத்தின் இயற்பியல் மாதிரி. புதிய மாணவனுக்குப் பாடப் புத்தகம் எழுதித் தந்தவர் பழைய ஆசிரியர்தான்.

இன்னும் ஒரு செய்தி. ஜான் பேக்கஸுக்குக் கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருது 1977இல் கிடைத்தது. அந்த விருது உரையில் அவர் தம் மொழியைப் புகழ்ந்து பேசவில்லை. ஃபோர்ட்ரானும் அதன் வழிவந்த மொழிகளும் நிரலர்களின் சிந்தனையைக் குறுக்கிவிட்டன என்று வாதிட்டு, வேறொரு வழியை முன்வைத்தார். தாம் உருவாக்கிய மொழியையே அவர் இறுதியானது என்று கருதவில்லை. நாமும் எந்த மொழியின் மீதும் பற்று வைத்துச் சண்டை போட வேண்டியதில்லை.

அப்படியானால் முடிவு என்ன?

சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால், விடை ஆளுக்கு ஆள் மாறுகிறது.

நிரலாக்கத்தில் இப்போதுதான் அடியெடுத்து வைக்கிறீர்களா? ஃபோர்ட்ரான் வேண்டாம். பைத்தானை உறுதியாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

கைப்பேசிச் செயலி, இணையத்தளம், விளையாட்டு ஆகியவற்றில் ஆர்வமா? அப்போதும் வேண்டாம். அந்த உலகில் ஃபோர்ட்ரானுக்கு வேலை இல்லை.

இயற்பியல், பொறியியல், வானிலை, கடலியல், வானியல் ஆகியவற்றில் ஒன்றை மேற்கல்வியில் எடுக்க விரும்புகிறீர்களா? பைத்தான் நன்றாக வருகிறதா? அப்படியானால் சில வார இறுதிகளை ஃபோர்ட்ரானுக்குக் கொடுக்கலாம். வல்லுநர் ஆக வேண்டாம். மற்றவர் எழுதிய நிரலைப் படித்து, ஓரிடத்தில் திருத்தி, ஓட்டிப் பார்க்கும் அளவுக்குத் தெரிந்தால் போதும். நாளை உங்கள் பேராசிரியர் ஒரு பழைய நிரலைக் கொடுக்கும்போது, அதைத் திறந்து பார்க்கப் பயம் இருக்காது.

ஓர் எச்சரிக்கை. 'பழைய மொழி தெரிந்தவர்கள் குறைவு, அதனால் சம்பளம் அதிகம்' என்று கேட்டு மட்டும் இறங்காதீர்கள். வானிலை நிலையம் முதலில் தேடுவது வளிமண்டலத்தைப் புரிந்தவரை. அவருக்கு ஃபோர்ட்ரானும் தெரிந்தால் நல்லது. இயற்பியலும் கணிதமும் இல்லாமல் மொழி மட்டும் தெரிந்திருப்பது, மேளம் இல்லாமல் குச்சியை மட்டும் வைத்திருப்பதுபோல்.

நான்கு வார இறுதிகளில் ஒரு பயிற்சி

ஜிஃபோர்ட்ரான் என்ற தொகுப்பான் இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டுக் கணினியே போதும்.

முதல் வாரம்: மாறிகளை அறிவித்து, செல்சியஸ் அளவை ஃபாரன்ஹீட்டாக மாற்றும் அட்டவணை ஒன்றை அச்சிடுங்கள்.

இரண்டாம் வாரம்: முப்பது நாள் மழையளவை ஓர் அணியில் வைத்து, சராசரியையும் அதிக மழை பெய்த நாளையும் கண்டுபிடியுங்கள். ஃபோர்ட்ரானில் அணியின் முதல் உறுப்பு வழக்கமாக 1. பைத்தானில் 0. இந்த வேறுபாட்டை மறக்க வேண்டாம்.

மூன்றாம் வாரம்: பெரிய இரு பரிமாண அணி ஒன்றை உருவாக்கி, அதன் உறுப்புகளை நெடுவரிசையாக ஒருமுறை, கிடைவரிசையாக ஒருமுறை கூட்டுங்கள். எதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் வாரம்: ஒரு முனை சூடாக இருக்கும் உலோகக் கம்பியில் வெப்பம் பரவுவதைக் கணக்கிடுங்கள். இதுவே ஒரு குட்டி வானிலை மாதிரி. சூத்திரம் எளியது:

புதிய வெப்பநிலை = பழைய வெப்பநிலை + 0.25 × (இடப்பக்கம் + வலப்பக்கம் − 2 × பழைய வெப்பநிலை)

முதலில் தாளில் செய்து பாருங்கள். ஐந்து புள்ளிகளின் வெப்பநிலை 100, 20, 20, 20, 20 டிகிரி. இரு முனைகளும் மாறாமல் இருக்கட்டும். இரண்டாம் புள்ளிக்கு 20 + 0.25 × (100 + 20 − 40) = 40. மற்றவை மாறா. முதல் சுற்றின் முடிவு 100, 40, 20, 20, 20. இதேபோல் கணக்கிட்டால், இரண்டாம் சுற்றின் முடிவு 100, 50, 25, 20, 20. ஒவ்வொரு சுற்றிலும் பழைய மதிப்புகளைத் தனியாக வைத்துக்கொண்டு கணக்கிட வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

பிறகு நூறாயிரம் புள்ளிகளுக்கு இதே நிரலை ஃபோர்ட்ரானிலும் பைத்தானிலும் எழுதுங்கள். இரண்டின் விடையும் ஒன்றாக வருகிறதா, நேரம் எவ்வளவு வேறுபடுகிறது என்று பாருங்கள். நம்பை நூலகத்தைப் பயன்படுத்தினால் வேறுபாடு எவ்வளவு குறைகிறது என்பதையும் சோதியுங்கள். மற்றவர் சொல்லைக் கேட்டு முடிவெடுப்பதைவிட, உங்கள் கணினியே தரும் இந்த எண்களை வைத்து முடிவெடுப்பது மேல்.

சிந்திக்க

1. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு பைத்தானும் 'பழைய மொழி' ஆகிவிடலாம். அப்போது அதை மதிப்பிட, மேலே உள்ள நான்கு கேள்விகளில் எது மிக முக்கியமாக இருக்கும்? ஏன்?

2. கட்டத்தின் அளவை 1.5 கிலோமீட்டரிலிருந்து 0.5 கிலோமீட்டராகக் குறைத்தால், வேலை எத்தனை மடங்கு ஆகும்? நேர இடைவெளியும் அதே விகிதத்தில் குறைவதாகக் கொள்க. உயர அடுக்குகள் மாறவில்லை.

3. வங்கிகளில் பயன்படும் கோபால் என்ற மொழி 1959இல் உருவாகத் தொடங்கியது. நான்கு கேள்விகளையும் அதற்குக் கேட்டுப் பாருங்கள். ஃபோர்ட்ரானுக்குக் கிடைத்த விடைகளே கிடைக்கின்றனவா?

(இரண்டாம் கேள்விக்கு விடை: 27 மடங்கு)